அக்கா தொட வேண்டிய சட்டி

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் அக்கா எதையும் உடைக்கக்கூட இல்லை. பொதட்டூர்பேட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட இடத்தில், வீட்டுக்குத் தூரமான நாளில் மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டாள், அவ்வளவுதான். பத்து நாளில் பாத்தி வாடிப்போனது. வேர் அழுகியிருக்கலாம், புழு அரித்திருக்கலாம். யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. தீட்டுக் கை என்று சொல்லி, அவளைத் திருத்தணிக்கு, எங்கள் வீட்டுக்கே அனுப்பிவிட்டாள் மாமியார். கொண்டுவந்து விட்ட அக்கா புருஷன், எங்கள் பாவா, வண்டியைவிட்டு இறங்கவும் இல்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு அப்போது பத்து வயது. ஒன்றைச் சோதிக்க வேண்டுமானால் அந்த ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். ஒரே அளவில் இரண்டு சட்டி எடுத்தேன். ஒரே மண், சட்டிக்குப் பத்து மிளகாய் விதை, ஒரே சொம்புத் தண்ணீர், ஒரே வெயில். ஒன்றின் அடியில் மட்டும் கரிக்கோடு. அடுத்த முறை தூரமாகும்போது அக்கா அதைத் தொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மற்றதற்கு அம்மா. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வரும் மாமியார் முன்னால் இரண்டையும் வைத்து, "தீட்டுச் சட்டி எது, காட்டுங்க" என்று கேட்க வேண்டும்.

"இதெல்லாம் இன்னாத்துக்குடி?" என்றாள் அம்மா.

"செய்யட்டும்மா. நானும் பாக்கணும்" என்றாள் அக்கா. வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுப் பேசியது அதுதான்.

அதுவரை இரண்டுக்கும் நானே ஊற்றினேன். நாற்று வளர்ந்தது. அக்காவுக்கு நாள் மட்டும் வரவில்லை.

"எப்பக்கா தொடுவ?"

"வந்தா தொடமாட்டனா, போடி."

கிருத்திகைக்கு நாலு நாள் இருக்கும்போது கிணற்றடியில் வாந்தி எடுத்தாள்.

"தொடாம இருக்க வேஷம் போட்டுகினு கீற!" என்று கத்தினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நைனா அன்றைக்கே பொதட்டூர்பேட்டைக்கு ஆள் அனுப்பினார்.

மாமியார் பூவும் பழமுமாக வந்து இறங்கினாள். அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம் மருமவ கை ராசியான கை!" பிறகு நாற்றைப் பார்த்தாள். "இவ வச்சதா? அதான் இப்டி தழைஞ்சிகினு கீது" என்று இரண்டு சட்டியையும் வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

"இவ தொடவே இல்ல அத்தை! சோதனை இன்னும் முடியல!" என்று குதித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பாவாவும்தான்.

அக்கா சிரிக்கவில்லை. வண்டியோரமாக என்னை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "எங் கைல குத்தமில்லன்னு யாரானா சொன்னாங்களாடி?"

"ராசியான கைன்னே சொன்னாங்களேக்கா" என்றேன், தேற்றுகிறவளைப் போல.

அவள் என் கையை உதறிவிட்டு வண்டியேறினாள். நல்லதைத்தானே சொன்னேன், என்மேல் ஏன் இந்தக் கோபம் என்று எனக்கு விளங்கவேயில்லை.