சந்தனம் வைத்த ஃபிளாப்பி

எங்கள் அத்தையின் கம்ப்யூட்டருக்குத் தானாக எழுந்திருக்கத் தெரியாது. ஹார்ட் டிஸ்க் செத்துப்போன பழைய பெட்டி. தினமும் ஒரு ஃபிளாப்பியைச் செருகித்தான் எழுப்ப வேண்டும். கொஞ்ச நேரம் கறகறக்கும், திரையில் புள்ளி புள்ளியாக ஓடும், அப்புறம் விழித்துக்கொள்ளும். உடனே அத்தை ஃபிளாப்பியை உருவி மேஜைமேல் போட்டுவிடுவாள். பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு அதுதான் அதிசயம். சாவியைப் பிடுங்கினாலும் வண்டி ஓடுமா என்று அத்தையை நச்சரித்தேன். ஃபிளாப்பியின் முதல் துண்டில் துக்குணூண்டு புரோகிராம் இருக்கிறதாம். பெட்டிக்குத் தானாகப் படிக்க வருவது அது ஒன்றுதான். அந்தக் குட்டிப்பயல் போய், கர்னல் என்கிற பெரியவரைக் கூட்டிவந்து மெமரியில் உட்கார வைப்பானாம். அவர் உட்கார்ந்துவிட்டால் ஃபிளாப்பிக்கு வேலை இல்லை.

செங்கம் ரோட்டில் பெரியப்பா வீட்டு முன்னறையில்தான் அத்தை பள்ளிக்கூடப் பெண்களுக்குக் கிளாஸ் எடுத்தாள். கார்த்திகை தீபத்துக்குள் அறை காலியானால் பூஜை சாமான் கடை வைக்க ஓர் ஆள் தயார் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பெட்டி ஒரு நாள் படுத்தாலும் அறை கைமாறிவிடும்.

ஆயுத பூஜையன்று பெரியப்பாதான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். சைக்கிள், தண்ணி மோட்டார், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர். மேஜையில் கிடந்த ஃபிளாப்பியின் தகட்டு மூடி, பொட்டுக்கென்றே விட்ட இடம்போல அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தண்ணீராகக் கரைத்த சந்தனம் உள்ளே இறங்கியது. பெட்டி நிற்கவில்லை.

சாயங்காலம் கரண்டு போய் வந்தது. எழுப்பப் போனால் வெறும் கறகறப்பு. ஒரு புள்ளிகூட வரவில்லை.

“காலைல பொட்டு வெச்சப்போ நல்லாத்தானே ஓடினு இருந்துச்சு?” என்றார் பெரியப்பா.

“அப்போ பெரியவரு உள்ள உக்காந்திருந்தாருண்ணா. கரண்டு போனதும் போயிட்டாரு. இப்போ கூட்டினு வரவன் கண்ணுலதான் நீ சந்தனத்த அப்பிட்டியே.”

நாளைக்குக் கிளாஸ் இல்லையென்றால் அந்த ஆளுக்குச் சொல்லிவிடுவதாக அவர் முணுமுணுத்தார். அத்தை ஃபிளாப்பியின் கூட்டைப் பிளந்து, உள்ளே இருந்த மெல்லிய கறுப்பு வட்டை எடுத்துக் குழாயடியில் அலம்பினாள். ஃபேனுக்கடியில் காயவைத்து, வேறொரு ஃபிளாப்பியின் கூட்டுக்குள் மாட்டிச் செருகினாள். பெரியப்பா சந்தனக் கிண்ணத்தோடு வாசற்படியிலேயே நின்றார்.

கறகறப்பு. ஒரு புள்ளி. இன்னொன்று. பிறகு வரிசையாக.

கையோடு அத்தை அதைப் புது ஃபிளாப்பிகளில் நகல் எடுத்து, ஒன்றைப் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

“இது உங்கிட்ட இருக்கட்டும்ண்ணா. என்னுது போச்சுன்னா உங்கிட்டதான் வந்து நிப்பேன்.”

அவர் அதைப் பீரோவில் பட்டு வேட்டிக்கு நடுவில் வைத்தார். அன்றிலிருந்து கரண்டு போய் வந்தால் போதும், ஃபிளாப்பியோடு முன்னறை வாசலில் ஆஜர். “வேணுமாம்மா?” என்பார். தீபம் வந்தது, போனது. பூஜை சாமான் கடைப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அத்தையின் டப்பாவிலோ அதே நகல் இன்னும் நாலைந்து கிடந்தன. இத்தனை இருக்கும்போது அவரிடம் எதற்கு ஒன்று என்று நான் ரொம்ப நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.