ஒட்டாத பிள்ளை

பதுளையில் வேலை முடிந்து மகளைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம், அவளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் தோளைவிட்டு அவள் இறங்கமாட்டாள். வேலையை விட்டுவிடலாமா என்று பஸ்ஸில் யோசிப்பேன். மறுநாள் மறுபடி போய்க் கையை நீட்டுவேன். பிள்ளை என்னிடம் ஒட்டவில்லை என்று சொல்ல மட்டும் வாய் வராது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் 'ஒட்டல' என்றால் கோபமல்ல, வெறுப்புமல்ல. பக்கத்தில் இருந்தும் மனம் நெருங்கவில்லை என்று அர்த்தம். அதை முதலில் என்னைப் பற்றித்தான் சொல்லக் கேட்டேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மா, நான்கு வருடம் கழித்து நமுனுகுலவுக்கு வந்திருந்தார். அதுவரை என்னை வளர்த்தது அம்மாவின் தங்கையான சித்தி. அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சித்தி சொன்னதும், பீங்கான் கோப்பையைச் சாசரில் வைத்து, பிஸ்கட்டோடு நீட்டினேன். அது விருந்தாளிகளுக்கான கோப்பை. வீட்டு ஆட்களுக்கு டம்ளரில் பாலில்லாத சாயத்தண்ணிதான். தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி சீனியை என் உள்ளங்கையில் பாதி, தன் உள்ளங்கையில் பாதி என்று சித்தி போடுவார்.

பக்கத்து வீட்டு அத்தை சிரித்தார். "அடியாத்தி, பெத்தவளுக்கே சாசரா? புள்ள ஒட்டலயே!"

அம்மாவும் சிரித்தார். அத்தை குரலைத் தாழ்த்தினார். "ஒட்டிருச்சின்னா நீ இங்கனயே இருந்துரு. கொஸ்லந்த மாப்பிள்ளைக்கி ஒன் தங்கச்சியப் பேசி முடிச்சிருவோம்."

ஒட்டினால் சித்தி கல்யாணமாகிக் கொஸ்லந்தவுக்குப் போய்விடுவார் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஒட்டவே கூடாது என்று முடிவெடுத்தேன்.

அம்மா தலைவாரக் கூப்பிட்டால், "சித்தி வாரட்டும்" என்றேன். தினமும் காலையில் கோப்பையும் சாசரும் தவறாமல் கொண்டுபோனேன். ஒருநாள் அம்மா என் முன்னால் உள்ளங்கையை விரித்து, "ஒன் சீனில எனக்குங் கொஞ்சம் குடு கண்ணு" என்றார்.

நான் அதில் ஒரு பிஸ்கட்டை வைத்தேன்.

மறுவாரம் அம்மா பதுளைக்குப் போய், மேலும் இரண்டு வருடக் குவைத் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். புறப்பட்ட அன்று கோப்பையில் குடித்து, தானே கழுவித் துடைத்து மேல்தட்டில் வைத்தார். கொஸ்லந்தப் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அம்மா ஏறிய பஸ் வளைவில் மறைந்ததும் வீட்டுக்கு வந்தோம். சித்தி சாயத்தண்ணி ஊற்றினார். கரண்டிச் சீனி முழுவதையும் என் கையிலேயே போட்டார். வெறும் சாயத்தண்ணியை வாசல் பக்கம் திரும்பி நின்று குடித்தார்.

ஜெயித்ததற்கான பரிசு என்று நினைத்து, ஒரு துகள்கூட விடாமல் நக்கினேன்.