நாலு பேர் கைக்கொழுந்து

கூடலூரிலிருந்து ஒரு பகுதிநேர நிருபர் அனுப்பக்கூடிய செய்தி பெரும்பாலும் யானை, மண்சரிவு, பச்சைத் தேயிலை விலை. நானும் பல வருடங்கள் அதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதனால், மனநோய் பற்றிய சிறந்த ஆராய்ச்சிக்கான அகில இந்திய விருது சேரம்பாடிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நடந்த வேலைக்குக் கிடைத்திருக்கிறது, போய்ப் பார் என்று கோவை அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது, ஊர்ப் பெயரை யாரோ தவறாகப் படித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மனநல மருத்துவர்களின் சங்கம் ஒன்று வருடந்தோறும் கொடுக்கும் விருது அது. பெரிய நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை.

வியாழக்கிழமை போனேன். அன்றுதான் ஊட்டியிலிருந்து மனநல மருத்துவர் ஜீப்பில் வருவார். ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி, பொள்ளாச்சிப் பக்கம். டிஸ்பென்சரி என்பது தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். மழை பெய்தால் அங்கே பேச முடியாது, கத்தத்தான் முடியும். அன்று நல்ல மழை. ஆராய்ச்சியைப் பற்றி நான் முதலில் கேட்டதெல்லாம் கத்திச் சொல்லப்பட்டது.

டாக்டர் தொடங்கியது எளிமையான யோசனையோடு. மனச்சோர்வு நோய் வந்தவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதற்கு மாதக் கணக்கில் ஆகிறது. ஆனால் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தினமும் எடை போடுகிறார்கள். நோய் வந்தால் கை தளரும், கை தளர்ந்தால் எடை குறையும். அப்படியானால் ஆள் சொல்வதற்கு முன்பே தராசு சொல்லிவிடும். சிகிச்சைக்கு வந்த பெண்களின் சம்மதத்தோடு அவர்களுடைய பழைய எடைகளைச் சேகரித்து வரைபடமாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை. படுக்கையை விட்டு எழுந்து வருவதே பாடாக இருந்த மாதத்திலும் எடை முந்தைய மாதத்தைப் போலவே இருந்தது.

"ஏனுங்க, அத்தன மாசம் ஜீப்புல மேல கீழ போய்வந்ததுக்கு இந்த நேர்கோடுதானான்னு இருந்துச்சுங்க" என்றார்.

நோய் வேலைத்திறனைப் பாதிப்பதில்லை என்று முடிவுரை எழுதிவிட்டார். தட்டச்சுக்கும் கொடுத்தாயிற்று. அதைத் தடுத்தவர் அவருடைய கள உதவியாளரான பெண். இலங்கைத் தோட்டமொன்றில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் கப்பலில் வந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இதே தோட்டத்தில் ஆறு வருடம் கொழுந்து பறித்தவர். எடைகளையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து பிரதி எடுத்து வந்ததும் அவர்தான். அந்த நேர்கோட்டின் காரணம் அவருக்கு முதல் நாளே தெரியும். மூன்று வாரம் சொல்லாமல் இருந்தார். முடிவுரை தபாலுக்குப் போகும் நாளில் சொன்னார்.

"அந்த எடை அவ எடை இல்லீங்க டாக்டரம்மா. அது நாலு பேரு கை."

கொழுந்து பறிப்பவர்கள் நிரை பிடித்து, பக்கத்துப் பக்கத்து வரிசையாக நகர்வார்கள். ஒரு பெண்ணுக்கு உடம்போ மனசோ சரியில்லை என்றால், அக்கம்பக்கத்து நிரைக்காரிகள் போகிற போக்கில் அவள் கூடையில் ஒரு கை அள்ளிப் போடுவார்கள். "கை போடுறது" என்று அதற்குப் பெயர். கேட்டுச் செய்வதில்லை, சொல்லியும் செய்வதில்லை. நோயாளி செடி முன்னால் வெறுமனே நின்றிருந்தாலும் மாலையில் அவள் கூடை மற்றவர்களுடையதைப் போலவே நிறுக்கும். டாக்டர் அளந்துகொண்டிருந்தது நோயாளியை அல்ல, அவளைச் சுற்றி இருந்தவர்களை.

முடிவுரை கிழிக்கப்பட்டது. அடுத்த இரண்டு வருடம் ஆராய்ச்சி தலைகீழாக நடந்தது. யாருக்குக் கை போட ஆள் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று உதவியாளர் பார்த்து வந்தார். ஆள் இருந்தவர்கள் மாத்திரையை நடுவில் நிறுத்தவில்லை, சீக்கிரம் தேறினார்கள். அதைக் கண்ட டாக்டர், நோயாளி சம்மதித்தால் பக்கத்து நிரைக்காரியையே துணையாக வைத்துச் சிகிச்சை கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். விருது அதற்குத்தான். கட்டுரையில் இரண்டு பெயர்கள். டாக்டர் உதவியாளரின் பெயரை முதலில் போட்டிருந்தார்.

இவ்வளவும் கேட்டு முடித்து நோட்டை மூடினேன். உதவியாளர் என் பின்னாலேயே வாசல் வரை வந்தார். கை போடுவதைப் பற்றி எழுத வேண்டாம் என்றார். விருது கிடைத்ததே அதற்குத்தானே என்றேன்.

அவர் விளக்கினார். ஒருவர் கொழுந்தை இன்னொருவர் பேரில் நிறுப்பது தோட்டத்தில் குற்றம். முந்தைய மேனேஜர் காலத்தில் இரண்டு பெண்களை அதற்காக வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கட்டுரை வந்தால் இங்கே யாரும் படிக்கப் போவதில்லை. தமிழ்ப் பேப்பர் டீக்கடைக்கு வரும். இப்போது சிகிச்சையில் ஒரு பெண் இருக்கிறாள், இன்னும் முழுசாகத் தேறவில்லை. இன்றைக்கும் மூன்று பேர் அவளுக்குக் கை போடுகிறார்கள். அது நின்றால் அவள் எடை குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போகும். அவள் நிரந்தரத் தொழிலாளி இல்லை. வேலை போனால் தோட்டம் கொடுத்திருக்கும் பாடி வீடும் போகும். இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவாள்?

"எனக்கு அவார்டு, அவளுக்கு நோட்டீஸா? ஏலாதுங்க" என்றார்.

நான் எழுதியதில் கை போடுவது இல்லை. 'சக தொழிலாளர்களின் ஆதரவோடு அளிக்கப்பட்ட சிகிச்சை' என்று ஒரு வரி இருந்தது. தோட்டத்தின் பெயரும் இல்லை. டெஸ்க்கில் இருந்தவர், எந்தத் தோட்டம் என்று சொல்லாத செய்தி செய்தியே இல்லை என்றார். அவர் சொன்னது சரி. ஏழாம் பக்கத்தின் அடியில், ஒரு கரடி கிணற்றில் விழுந்த செய்திக்குக் கீழே போட்டார்கள்.

விஷயம் அதோடு முடியவில்லை. சங்கத்தின் அந்த வருட மாநாடு ஊட்டியில். விருது பெற்றவர்கள் மேடையில் இருபது நிமிடம் தங்கள் ஆராய்ச்சியை விளக்க வேண்டும் என்பது விதி. கட்டுரையில் தோட்டத்துக்கு நன்றி சொல்லியிருந்ததால், மாநாட்டுக்காரர்கள் மரியாதைக்காக மேனேஜருக்கும் அழைப்பு அனுப்பிவிட்டார்கள். அவர் வருவதாகப் பதிலும் போட்டுவிட்டார். டாக்டருக்கு இது மாநாட்டுக்கு நான்கு நாள் முன்புதான் தெரிந்தது. கையைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஆராய்ச்சியை விளக்க வழியே இல்லை. விருதை வேண்டாம் என்று எழுதிப்போடலாமா என்றுகூட டாக்டர் கேட்டாராம்.

உதவியாளர் அந்தக் கேள்வியைப் பாடிக்கு எடுத்துப் போனார். கை போடும் மூன்று பெண்களையும் அந்த நோயாளிப் பெண்ணின் வீட்டிலேயே உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். பின்னாளில் அவர் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். மூவரில் மூத்தவர், மேனேஜர் கேட்டால் கை தவறி விழுந்தது என்று சொல்லிவிடலாம் என்றார். அடுத்தவர், "ஆமாக்கா, ரெண்டு வருஷமா தவறித் தவறி அவ கூடையிலேயே விழுந்துச்சுன்னு சொல்லு. தொர நம்பிருவாரு" என்றார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நோயாளிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்துப் பேசியது அவர்தான்.

"சொல்லிருங்கக்கா. ஒளிச்சு ஒளிச்சு வச்சா நான் களவெடுத்த மாதிரி இருக்கு. என் பேரு மட்டும் வேணாம்."

மாநாட்டு அரங்கில் நான் பத்திரிகையாளர் வரிசையில் இருந்தேன். வெளியே மூடுபனி, உள்ளே கோட்டும் டையுமாக நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த டாக்டர்கள். தோட்டத்து மேனேஜர் இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மேடையேறிய டாக்டர் இரண்டு வரி பேசிவிட்டு, ஆராய்ச்சியின் முதல் ஆசிரியர் இனி பேசுவார் என்றும், அவர் தமிழில் பேசுவதை ஆங்கிலத்தில் தானே சொல்வதாகவும் கூறி ஒதுங்கி நின்றார். அரங்கில் சின்னச் சலசலப்பு. உதவியாளர் மஞ்சள் பார்டர் வைத்த பச்சைச் சேலை கட்டியிருந்தார். மைக் உயரமாக இருந்தது. யாரும் இறக்கித் தரவில்லை, அவரே இறக்கிக்கொண்டார்.

எழுதி வைத்துப் படிக்கவில்லை. நிரை என்றால் என்ன, கூடை எங்கே தொங்கும், கை எப்படிப் போகும் என்று கையை நீட்டியே காட்டினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினார், டாக்டர் மொழிபெயர்த்தார். தானும் கொழுந்து பறித்த காலத்தில் கை போட்டவள்தான் என்று சொன்னபோது மேனேஜர் இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார். பிறகு அந்த நேர்கோடு திரையில் வந்தது.

"எடை மாறவே இல்லையேன்னு டாக்டரம்மா கேட்டாங்க. மாறாதுங்க. நாங்க மாற விடல."

டாக்டர் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். தமிழ் தெரிந்தவர்கள் அதற்குள் கை தட்டத் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்களுக்கு மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்ததும் அரங்கம் முழுவதும் எழுந்தது. எத்தனையோ மேடைகளின் கைதட்டலைக் குறிப்பெடுத்திருக்கிறேன். தலைவர் உட்காரச் சொல்லியும் உட்காராத கூட்டம் அது.

உதவியாளர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி நேரம் என்றதும் முதலில் கை தூக்கியவரும் மேனேஜர்தான். மைக் அவரிடம் போவதற்குள் டாக்டர் ஒரு அடி முன்னால் வந்து உதவியாளர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மேனேஜர் நிதானமாகப் பேசினார். தராசுப் பக்கத்தில் நின்று தனக்கு வருடக் கணக்கில் பழக்கம், எந்தக் கூடையில் எத்தனை பேர் கை இருக்கிறது என்பது பார்த்தாலே தெரியும் என்றார். சோம்பேறித்தனத்துக்குத் துணை போகிறார்கள் என்று நினைத்ததாகவும், அடுத்த மாதம் நோட்டீஸ் போடுவதற்குத் தயாராக வைத்திருந்ததாகவும் ஒப்புக்கொண்டார். பிறகு தமிழுக்கு மாறினார். நோட்டீஸ் வராது என்றார். சிகிச்சையில் இருப்பவர்களின் லிஸ்ட்டை டிஸ்பென்சரியிலிருந்து கொடுத்தால், அவர்கள் பேரில் மட்டும் இன்னொருவர் கொழுந்தைச் சேர்த்து நிறுக்க அனுமதிப்பதாகச் சொன்னார்.

மறுபடியும் கைதட்டல். மேடையிலிருந்த உதவியாளர் அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"லிஸ்ட் குடுக்க ஏலாதுங்க சார்" என்றார். "யாரு மாத்திர சாப்பிடுறாங்கன்னு தோட்டம் பூரா தெரிஞ்சு போகும்."

மேனேஜர் மைக்கைத் திரும்ப வாங்கினார்.

"அப்ப யாருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்தானே. எல்லாருக்கும் விட்டுருங்க."

எங்கோ ஒரு மூலையில் ஒரு டாக்டர் சிரித்தார், பிறகு பலர் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்துவிட்டார். தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். கேளுங்க சார், நாங்க காத்திருக்கிறோம் என்றார் உதவியாளர். நாட்டின் மூத்த மனநல மருத்துவர்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, ஒரு தோட்டத்தின் வேலை விதி அங்கே பேரம் பேசப்பட்டது. பேராசிரியர் ஒருவர் அதன்பின் தான் வைத்திருந்த கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டார். விருதை இருவரும் சேர்ந்து வாங்கினார்கள். கேடயத்தைப் பிடிக்கும்போது டாக்டர் தன் கையை விலக்கிக்கொண்டதால் புகைப்படத்தில் அது உதவியாளர் கையில் மட்டும் இருக்கிறது.

இந்த முறை எல்லாவற்றையும் எழுதினேன். முதல் பக்கத்தில் வந்தது.

தலைமை அலுவலகத்தின் பதில் வர ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை மூன்று பெண்களும் வழக்கம்போல் கை போட்டார்கள், எடை போடும் மேஸ்திரி வழக்கம்போல் வேறு பக்கம் பார்த்தார். பதில் வந்த மறுநாள் காலை பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில், மேனேஜரே வந்து அறிவித்தார்: இனி விரும்பிய இருவர் தங்கள் கொழுந்தை ஒன்றாக நிறுத்து, எடையைச் சரிபாதி போட்டுக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டாம்.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், "இத்தன வருஷம் திருட்டுத்தனமா குடுத்தோம். இனி சட்டப்படி குடுக்கணுமாம்டி, கை வருமா?" என்றார். மேனேஜர் காதிலும் விழுந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

மாலையில் எடை போடும் மடுவத்தில் நின்று பார்த்தேன். ஓரிருவர்தான் ஜோடி சேருவார்கள் என்று மேஸ்திரி நினைத்திருந்தார். வந்தவர்கள் அத்தனை பேரும் ஜோடியாக வந்தார்கள். நல்ல திடகாத்திரமான பெண்கள், தோட்டத்திலேயே அதிகம் பறிப்பவர் என்று பெயரெடுத்தவர், மாமியாரும் மருமகளும், மாதக்கணக்கில் பேசிக்கொள்ளாத இருவர்கூட. பதில் வந்ததைக் கேள்விப்பட்டு, எல்லோரும் ஜோடியாகவே வர வேண்டும் என்று உதவியாளர் முந்தின நாளே பாடி பாடியாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. மேஸ்திரி ஒவ்வொரு எடையையும் இரண்டாக வகுத்து வகுத்துச் சலித்துப் போனார்.

அந்த நோயாளிப் பெண்ணை நான் பார்த்ததில்லை. முப்பது வயது, இரண்டு பிள்ளைகள் என்பது மட்டும் தெரியும். யாராக இருக்கும் என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆளைப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடிப்பது என் தொழில். கடைசி ஜோடி எடை போட்டுவிட்டுப் போகும்வரை கண்டுபிடிக்க முடியவில்லை.