ரிக் லாரி நெற்றியில் நாட்டின் பெயர்

திருச்செங்கோட்டில் லாரிகளுக்குப் பெயர் எழுதுவது என் பிழைப்பு. போர்வெல் போடும் ரிக் லாரிகள் வடக்கே கிளம்பும் முன் என் பட்டறைக்கு வந்து புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு போகும். சாமி படம், முதலாளி பிள்ளைகளின் பெயர், கண் திருஷ்டிக்கு ஒரு பூதம், எது கேட்டாலும் போட்டுக் கொடுப்பேன். நாட்டைப் போடச் சொல்லி மட்டும் யாரும் கேட்டதில்லை, மச்சான் வந்து நிற்கும்வரை.

மச்சான் என் மனைவியின் அண்ணன், ரிக் லாரி டிரைவர். போன தடவை வடக்கே ஏதோ ஒரு செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டி, அவரை இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டார்கள். பேப்பர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவர்கள் கேட்டது இவருக்குப் புரியவில்லை, இவர் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான் குற்றம். திரும்பி வந்தவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது மறுபடி அதே வழியில் போகவேண்டும். மனுஷன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நெத்தியில அந்தச் சிங்கத்தப் போட்டு உடுங்க. பாத்தா நம்ம சர்க்காரு வண்டின்னு உட்டுருவானுங்க."

"வேற வெனையே வேண்டாங்க மச்சான். அது கவர்மெண்டு முத்திரை. நாம போட்டா உள்ள தூக்கி வெச்சிருவாங்க."

"இந்த நாட்டுல பொறந்தவன் அதப் போடக்கூடாதுங்களா?"

"கும்புடலாம். போடக்கூடாதுங்க."

மச்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து உற்றுப் பார்த்தார். "நாலு சிங்கம்னாங்க, மூணுதான இருக்குது?"

"ஒண்ணு பின்னால நிக்குதுங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப அதுதான் நம்மூருச் சிங்கம்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

காசில் சிங்கத்தின் பக்கத்திலேயே நாட்டின் பெயர் இந்தியில் இருந்தது. பெயரை எழுதினால் யாரும் பிடிக்கமாட்டார்கள் என்று நானே தீர்ப்பு வழங்கினேன். இங்கிலீஷில் எழுதட்டுமா என்றதற்கு, "அவனுங்களுக்குப் புரியறதுல எழுதுங்க" என்றுவிட்டார். எனக்கு இந்தியில் ஒரு எழுத்தும் தெரியாது. இத்தனை வருஷம் தமிழை வளைத்து வளைத்து எழுதிய கை, அதைக் கோலம் மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்தது. முதல் எழுத்தின் தலைக்கோட்டில் ஒரு சின்னச் சந்து இருந்தது. காசு தேய்ந்திருக்கிறது என்று நினைத்தேன். தொழில் சுத்தம் பாருங்கள், கோட்டை இழுத்துச் சந்தை அடைத்துவிட்டேன்.

மச்சான் தள்ளி நின்று பார்த்தார். அந்த எழுத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வண்டி ஏறினார்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது.

"மாப்ள, நிறுத்திட்டானுங்க. நெத்தியப் பாத்ததும் ஒருத்தன் இன்னொருத்தனக் கூப்புடறான், அவன் நாலு பேரக் கூப்புடறான். ஒரே சிரிப்பு."

வழியில் வேலைக்கு ஏறிய பீகார்க்காரர் ஒருவர்தான் மச்சானுக்கு விளக்கியிருக்கிறார். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியவராம், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவாராம். அந்தச் சந்து இருந்தால்தான் அது பாரதம். சந்தை அடைத்துவிட்டால் 'பா' 'மா' ஆகி, அவர்கள் பக்கத்துப் பேச்சில் 'அடிக்குது' என்கிற மாதிரி வருமாம். அடக் கடவுளே! நாட்டின் பெயர் என்று நினைத்து இதையா அந்த மனுஷன் தலைக்கு மேலே எழுதி அனுப்பினேன்?

"அடிச்சாங்களா மச்சான்?"

"அட இல்லீங்க. ஒருத்தன் ஆணியில சொரண்டிச் சரி பண்ணிக் குடுத்தான். டீ கூட வாங்கிக் குடுத்தான். அரை மணி நேரத்துல வண்டிய உட்டுட்டாங்க."

போன உயிர் திரும்பி வந்தது. "அப்பறம் என்னங்க, அதச் சந்தோசமாச் சொல்லுங்களேன்" என்று அதட்டினேன்.

"இத எழுதுனவன் எந்த நாட்டுக்காரன்னு கேட்டானுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இந்தியாதான்னு சொன்னேனுங்க."

"அதுக்கு?"

"நம்பலீங்க மாப்ள."