தண்ணீரிலா, கரையிலா

1961 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டே கால் மணிக்குச் செய்தி வந்தது. முத்தாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காதர் மைதீன் சைக்கிளைச் சுவரில்கூடச் சாத்தாமல் கீழே போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார். அவள் கணவர் அஞ்சப்பனோடு வேலை பார்ப்பவர். சிங்கப்பூர்த் தேக்காவில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். கேலி இல்லாமல் பேசத் தெரியாத மனிதர். அன்று அவர் உதடு கோணிக்கொண்டது.

"அண்ணி... அண்ணன் போயிட்டாரு அண்ணி."

முத்தாயி அழவில்லை. அவருடைய காக்கிக் கால்சட்டையைப் பார்த்தாள். இடுப்புவரை நனைந்து, காய்ந்த இடங்களில் உப்புப் பூத்திருந்தது.

"தண்ணியிலயா?"

காதர் மைதீன் திகைத்துப்போனார். பதினோரு வருடமாக அந்த வீட்டில் கடல் பேச்சே எழாமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

"இல்ல அண்ணி. கரையில. மணல்ல."

அவள் நம்பவில்லை.

முத்தாயியும் அஞ்சப்பனும் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரே மீனவக் குப்பத்தில் பிறந்தவர்கள். ஓர் ஐப்பசியில் முத்தாயியின் அப்பாவையும் அண்ணனையும் ஒரே நாளில் கடல் கொண்டுபோயிற்று. உடல்கள் கரை சேரவில்லை. மாப்பிள்ளை இனிக் கடலில் இறங்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடுதான் அவள் அம்மா பெண் கொடுத்தாள். அஞ்சப்பன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். வலையை விற்றுவிட்டுச் சிங்கப்பூருக்கு வந்தார். "கப்பல்ல வந்தது சேர்த்தியில்ல" என்று பிற்பாடு சிரிப்பார்.

காத்தோங் கடற்கரைப் பூங்காவில் தோட்ட வேலை கிடைத்தது. மூன்று வருடம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு ஒரு நாள், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, "யாருக்குடா நீச்சல் தெரியும்?" என்று கேட்டார். அஞ்சப்பன் வாயைத் திறக்கவில்லை. "நாகப்பட்டினத்தான் ஒருத்தன் நிக்கிறானே, அவன எதுக்குக் கேட்டுக்கிட்டு!" என்று யாரோ சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவருக்குப் பாகாரில் வேலை.

பாகார் என்பது கடலுக்குள் கம்பு நட்டு, குளிக்கிறவர்களைச் சுற்றிக் கட்டிய வேலி. ஞாயிற்றுக்கிழமையானால் காத்தோங்கில் கூட்டம் தாங்காது. காரில் வருகிற வெள்ளைக்காரக் குடும்பங்கள், ஐஸ் தண்ணீர்க் கடைகள், தென்னை மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிடுகிறவர்கள். அந்த வேலியை நம்பித்தான் அவர்கள் பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டார்கள். திங்கட்கிழமை நீர் வற்றும் நேரம் பார்த்து ஒருவர் கழுத்தளவில் நின்று, இற்றுப்போன கம்பைப் பிடுங்கி, உடம்பில் பட்டால் அரிக்கும் சொறி மீன் புகுந்த ஓட்டையை அடைத்து, கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்ததை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. கம்பில் ஒட்டி வளர்ந்த கொட்டலசுச் சிப்பி உள்ளங்கையைக் கிழிக்கும். உப்புப் பட்டு அந்தக் காயம் ஆறாது.

வேலை முடிந்ததும் அவர் பூங்காக் குழாயில் குளித்துத் துணியை அலசி, அது காயும்வரை மரத்தடியில் நிற்பார். தினமும் ஒரு மணி நேரம் அதற்கே போய்விடும். பிறகுதான் பஸ் ஏறுவார்.

"உங்க பூங்காவுல செடியெல்லாம் கடிக்குமா?" என்று ஒருமுறை அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு முத்தாயி கேட்டாள்.

கூட வந்திருந்த காதர் மைதீன் முந்திக்கொண்டார். "காகிதப்பூ முள்ளு அண்ணி. கடிக்கிறதுல அது மாமியாருக்குத் தங்கச்சி லா!"

முத்தாயி சிரித்தாள். துணி துவைக்கிறவள் அவள். அதிலும் மீனவன் மகள். எத்தனை அலசினாலும் காக்கித் துணியின் தையல் மடிப்பில் உப்பு தங்கும். முதல் மாதமே நாக்கில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். தெரிந்ததைச் சொன்னால் வேலையை விடச் சொல்ல வேண்டும். விட்டால் வேறு வேலைக்கு எங்கே போவது? சொல்லாதவரை அவர் தோட்டக்காரர். தனக்காகத்தான் அந்த மனிதர் மரத்தடியில் காய்ந்துகொண்டு நிற்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். வரவர அவர் களைத்து வந்தார்; படியேறுவதற்குள் இரண்டு தரம் நின்றார். இந்தத் தீபாவளிக்குச் சொல்லிவிடலாம், அந்த ஒரு மணி நேரமாவது மிச்சமாகட்டும் என்று இருந்தாள்.

ஆஸ்பத்திரித் தாளில் இருதயம் நின்றுவிட்டதாக எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னார்கள். மூழ்கிப்போகிறவனுக்கும் இருதயம்தானே நிற்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சத்தியத்தை மீறியதற்குக் கடல் அவரையும் எடுத்துக்கொண்டதா? தெரிந்தும் வாய் மூடியிருந்தவள் தான் அல்லவா? வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஒருவரிடமும் அவளால் இதைக் கேட்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை தகனம். ஞாயிற்றுக்கிழமை பால் தெளித்து முடிந்ததும் காதர் மைதீனைக் கூப்பிட்டாள். பதினாறாம் நாள் கழியாமல் வீட்டை விட்டு இறங்கக் கூடாது என்று பெண்கள் தடுத்தார்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருடத்தில் அவள் கடற்கரைக்குப் போனது அன்றுதான். பாகாருக்குள் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தண்ணீரைப் பார்க்காமல் மணலைப் பார்த்தே நடந்தாள்.

"அண்ணி, சத்தியமாச் சொல்றேன்..."

"வேணாம் தம்பி. அவருக்காகப் பதினோரு வருசம் பொய் சொன்னீங்க. இன்னைக்கு எனக்காகவும் சொல்லுவீங்க. பேசாம இடத்த மட்டும் காட்டுங்க."

அவர் முன்னே நடந்தார். அலை எட்டும் கோட்டைத் தாண்டி, வெகு மேலே, ஒரு வாதுமை மரத்தடியில் நின்று கையைக் காட்டினார்.

"நான் தண்ணியில நின்னுக்கிட்டு அவருக்குக் காத்திருந்தேன். வரலியேன்னு திரும்பிப் பார்த்தா இங்க சாஞ்சு கெடந்தாரு. கம்பு சீவின கத்திய மட்டும் எடுத்து வச்சேன் அண்ணி. மத்தத யாரும் தொடல."

முத்தாயி உட்கார்ந்தாள். மணலில் மரச் சீவல்கள் சிதறிக் கிடந்தன. ஒன்றை எடுத்து, பழைய வழக்கப்படி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பில்லை. வெறும் மரம்தான்.

"எத்தனை கம்பு மாத்தணும்னு இருந்தீங்க?"

"மூணு."

வேலியில் இரண்டு புதுக் கம்புகள் வெளிறி நின்றன. மூன்றாவது அவள் பக்கத்தில் கிடந்தது. அதன் முனை ஒரு பக்கம் மட்டுமே சீவப்பட்டிருந்தது.