இறங்கின நாளைப் பாருங்க

கடலையே பார்க்காத ஒருத்தி கடலைப் பற்றிப் பேசி மாவட்ட அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினாள் என்றால், அது நான்தான். அப்போது எட்டாம் வகுப்பு. ஜெயித்தால் மாநிலக் கண்காட்சிக்குச் சென்னைக்கு அழைத்துப் போய்க் கடலைக் காட்டுவார்கள். எனக்கு அது ஒன்றுதான் குறி.

கடல் மட்டம் ஏன் உயர்கிறது என்பது என் தலைப்பு. வீட்டிலேயே அதற்கு எதிர்க்கட்சி உண்டு: வேன் ஓட்டும் சித்தப்பா. "நிலா இழுக்குது, கடல் ஏறுது. பௌர்ணமிக்கு நம்ம ஊர்ல ஜனம் ஏறல? இதுக்கு எதுக்கு இவ்ளோ அட்டை, இவ்ளோ கோந்து?" என்றார். அந்தக் கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் அம்மாவின் டீக்கடை. விசேஷம் எதுவுமில்லாத ஒரு மதியம் அங்கே போனால், பெஞ்சில் இடமில்லை. பால் தீர்ந்துவிட்டதென்று அம்மா என்னை விரட்டினாள். முன்பெல்லாம் இந்த மாதிரி நாளில் அந்த பெஞ்சில் நாய்தான் படுத்திருக்கும். பால் வாங்க ஓடியவள் பாதி வழியிலேயே நின்றுவிட்டேன்: சித்தப்பாவுக்கான பதில் அந்த பெஞ்சில்தான் இருந்தது.

கண்காட்சியில் நடுவரும் சித்தப்பாவின் கேள்வியையே கேட்டார்.

"நிலாவும் உண்டுங்க சார், காத்தும் உண்டு. சில வருஷம் கடல் தானாவே சூடாகி ஏறும். ஆனா அதெல்லாம் ஏறி இறங்கிடும். ஏறின நாள பாக்காதீங்க சார், இறங்கின நாள பாருங்க" என்று துறைமுக அளவுகளின் வரைபடத்தைக் காட்டினேன். மேலும் கீழுமாகப் போன அந்தக் கோட்டில், பல வருஷங்களாக இறக்கங்களும் சேர்ந்து மேலே வந்துகொண்டிருந்தன. பூமி சூடாவதையும் பனி உருகுவதையும் சொல்லி, அம்மா கடை பெஞ்சையும் சேர்த்துக்கொண்டேன். நடுவர் சிரித்துக்கொண்டே மார்க் போட்டார். "எங்க அண்ணன் பொண்ணு!" என்று பின்னாலிருந்து கத்தியது சாட்சாத் எதிர்க்கட்சிதான்.

சென்னையில் பரிசு கிடைக்கவில்லை, கடல் கிடைத்தது. மணலில் ஓர் அக்கா மீன் வறுத்து விற்றுக்கொண்டிருந்தார்; நாங்களும் ஒரு தட்டு வாங்கினோம். கூட வந்த அம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கடல் ஏறுவதைப் பற்றி மகள் பேசிப் பரிசு வாங்கிய கதையை அவரிடம் சொல்லிவிட்டாள்.

அந்த அக்கா மீனைத் திருப்பிப் போட்டபடியே கேட்டார். "வருஷா வருஷம் எங்க வூட்டுப் பக்கமா வருது பாப்பா. திரும்பிப் போயிடும்ல?"

"போவாதுக்கா" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ஆதாரம் இருக்கு."

அவர் பின்னால் இருந்த தன் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். சரியான பதிலுக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து, ருசித்துச் சாப்பிட்டேன்.