தேத்தண்ணி விட்ட நாற்பத்தாறு நாட்கள்

1979 ஜனவரி 8, திங்கட்கிழமை, மாலை ஏழு பத்து. தூறல் மழை, துறைமுகப் பக்கமிருந்து ஈரக்காற்று. செபமாலையின் மூன்றாவது பத்துச் சொல்லும்போது என் பேத்தி ஜசிந்தா, வயது ஏழு, கால்களை உதறத் தொடங்கினாள்.

“காலுக்குள்ள புழு ஊருது, அம்மப்பா.”

நித்திரையிலும் அதேதான். ஒரு மணித்தியாலத்தில் அறுபத்தேழு உதை எண்ணினேன். குறும்பென்று நினைத்து அவளுடைய கால்களைத் துவாய்த் துணியால் கட்டினேன். இதை எழுதக் கை கூசுகிறது.

பள்ளியில் தூங்கித் தூங்கி விழுந்தாள். “சுகமானாப் பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ,” என்று ஆசிரியை திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரி டொக்டர் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உடம்பில் இரும்பு குறைந்தால் சில பிள்ளைகளுக்குக் கால் இப்படி அலையும் என்று சொல்லி, இரும்புப் பாணி மருந்து தந்தார். துறைமுகக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் இரும்புச் சாமான்களுக்குக் கணக்கு எழுதியவன் நான். இரும்புக்கும் ஒரு பிள்ளையின் நித்திரைக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை.

காலையும் மாலையும் ஒவ்வொரு கரண்டி. ஆணியைச் சூப்புவதுபோல் இருக்கிறதென்று ஜசிந்தா முகம் சுளிப்பாள். உடனே என் மகள் திரேசா ஒரு கோப்பை இனிப்புத் தேத்தண்ணி கொடுப்பாள். நாற்பத்தெட்டு நாட்கள், தொண்ணூற்றாறு கரண்டி. மாற்றமில்லை. ஆண்டவர் கேட்கிறாரா என்றே சந்தேகம் வந்தது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முதல்நாள், பிள்ளைக்காக எதை விட்டு ஒறுப்போம் என்று கேட்டேன்.

“தேத்தண்ணியை விடுவம்,” என்றாள் திரேசா. “ஆனா உங்களுக்கு ஏலாது அப்பா. ஒரு நாளைக்கு ஆறு கோப்பை.”

“ஏழு. விடுறன்.”

“நானும் விடுறன்,” என்றாள் ஜசிந்தா. “அப்ப மருந்துக்கு மேல என்ன தருவியள்?”

புளிப்பான தேசிக்காயைப் பிழிந்து தண்ணீரில் கொடுத்தோம்.

மார்ச் நடுவில் உதை இருபதாகக் குறைந்தது. குருத்து ஞாயிறன்று மூன்று. உயிர்ப்பு ஞாயிறு காலை ஆறரைக்கும் அசையாமல் கிடந்தாள். பயந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். நல்ல நித்திரை. அழுதுவிட்டேன்.

டொக்டரிடம் எங்கள் ஒறுத்தலையும் தேசிக்காய்த் தண்ணீரையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

“ஐயா, தேத்தண்ணி இரும்பை உடம்பில சேர விடாது. தேசிக்காய்ப் புளி சேர வைக்கும். நான் முதலே சொல்லியிருக்க வேணும்.”

“அப்ப செபம்?”

“அது நான் படிச்ச பாடத்தில இல்லை, ஐயா.”

எனக்கு இன்றும் குழப்பம்தான். எங்கள் ஒறுத்தலைக் கண்டு ஆண்டவர் இரங்கினாரா, அல்லது தேத்தண்ணியை விடும்படி திரேசாவின் வாயில் அவரே சொல் வைத்தாரா? எப்படியானாலும் வேறு யாருக்கு நன்றி சொல்வது? ஜசிந்தா மறுபடியும் பள்ளிக்குப் போகிறாள். ஒரு பிள்ளை அழுதால் இப்போது நான் முதலில் காது கொடுக்கிறேன். இதை வாசிக்கும் சகோதரரே, விளங்காவிட்டாலும் மன்றாடுங்கள். மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. தேசிக்காய் பதினொன்று ஐம்பது, பஸ் நான்கு எண்பது. தவக்காலத்தில் ஒறுத்து மிஞ்சியதை ஏழைகள் பெட்டியில் போடுவது எங்கள் பங்குக் கோயிலின் வழக்கம். தேயிலை, சீனியில் மிஞ்சிய முப்பத்து நான்கு ஐம்பதையும் போட்டேன். மொத்தம் ஐம்பது ரூபா எண்பது சதம்.